பாட்டியை வீடியோவில் டாக்டரிடம் காட்டுவது: பக்கத்தில் உட்காருபவருக்கான முழு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டுப் பராமரிப்புத் தாதியாக இருக்கிறேன். டாக்டர் ஈப்போவில் இருக்கிறார், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். சில தடவை நேரில் வருவார், மற்ற சந்திப்புகள் வீடியோவில் நடக்கும். அப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலும், எல்பில், ஹீவூட் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் முதியவருக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். நான் இல்லாத நாளில் மகளோ பேரனோ உட்காருவார்கள். அவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது.

டாக்டரின் கண்ணும் காதும் போன் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். கை வராது. அந்தக் கை நீங்கள்தான்.

1. இது வீடியோவுக்கு உரிய விஷயமா?

பிரஷர், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) மருந்தைச் சரிபார்ப்பது, ஆறிவரும் புண், கால் வீக்கம், தூக்கமின்மை, பசியின்மை, நடை தளர்வு, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவது ஆகியவற்றை வீடியோவில் நன்றாகப் பார்க்கலாம். அடி வயிற்று வலி அப்படி இல்லை. வயிற்றை அழுத்திப் பார்க்காமல் எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காதுக்குள் வலி, நெஞ்சில் சளிச் சத்தம் போன்றவற்றுக்கும் நேரில்தான் போகவேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபடுவது: இவற்றில் எது நடந்தாலும் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். 'பத்து மணிக்கு வீடியோ இருக்கிறதே, அப்போது கேட்கலாம்' என்று காலை ஏழு மணியிலிருந்து காத்திருந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், அதை 'வயசாகிவிட்டது' என்று ஒதுக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, புதிய மருந்து, சர்க்கரை இறங்குவது என எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

2. ஒரே ஒருவர் பக்கத்தில் இருங்கள்

மகள், மருமகள், பேரன், பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேர் திரையில் தலையை நீட்டினால், டாக்டருக்கு நாலு கதை கிடைக்கும். முதியவரின் கதை மட்டும் கிடைக்காது. தினமும் மருந்து எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரே உட்காரட்டும். படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர் என்று வார இறுதியில் மட்டும் வரும் மகனை உட்கார வைப்பது எல்லாரும் செய்யும் தவறு. பாட்டி காலையில் எத்தனை மாத்திரை போடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

முதியவரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். திடீரென்று போனை முகத்துக்கு நேரே நீட்டினால், "யாரு இது, டிவியிலயா?" என்பார்கள். முதல் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

அரசாங்கக் கிளினிக்கில் அப்பாயிண்ட்மெண்ட் எடுப்பதாக இருந்தால், சொந்தமாகக் கைத்தொலைபேசி இல்லாத முதியவரை மைசெஜாத்ரா செயலியில் உங்கள் கணக்கிலேயே உங்களைச் சார்ந்தவராகச் சேர்க்கலாம். இதை முதல் நாளே செய்து முடியுங்கள். ஐசி (அடையாள அட்டை) எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் திரும்பச் செய்யவேண்டி வரும்.

3. முந்தின நாள்: இடம், வெளிச்சம், சிக்னல்

உறவினர் ஒருவருக்கு வீடியோ அழைப்புப் போட்டு, அதே நாற்காலியில், அதே நேரத்தில் ஒத்திகை பாருங்கள். காலையில் நன்றாக இருக்கும் சிக்னல் மாலையில் மழை இறங்கியதும் போய்விடும். செம்பனைக்கு நடுவே இருக்கும் வீடுகளில் வாசல் திண்ணையில் மூன்று கோடு காட்டும், சமையலறையில் ஒன்றும் காட்டாது. எந்த இடத்தில் எடுக்கிறது என்று கண்டுபிடித்து அங்கேயே நாற்காலியைப் போடுங்கள்.

ஜன்னல் முதியவருக்கு எதிரே இருக்கவேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கருத்து நிழலாகத் தெரியும். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும். பகல் வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. அதனால் முடிந்தவரை காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். அந்த நேரத்தில் முதியவரும் தெம்பாக இருப்பார்.

போனைக் கையில் பிடிக்காதீர்கள். ஒரு மைலோ டின்னில் சாய்த்து முக உயரத்துக்கு வையுங்கள். நான் ஏற்பாடு செய்த முதல் சந்திப்பில் டாக்டர் கால்வாசி நேரம் எங்கள் மின்விசிறியைத்தான் பார்த்தார். பிரஷர் கட்டவும், காலைத் தூக்கிக் காட்டவும் உங்கள் இரண்டு கைகளும் வேண்டும்.

காது மந்தமானவரிடம் கத்துவதால் பயனில்லை. வயதில் முதலில் போவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். கத்தும்போது குரல் இன்னும் கீச்சென்றுதான் ஆகும். தாழ்ந்த குரலில், மெதுவாக, முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். செவிக்கருவி, மூக்குக் கண்ணாடி, பல்செட் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிவியை நிறுத்துங்கள், மின்விசிறியையும் குறையுங்கள்.

4. அளவுகள்: அன்றைக்கு எடுத்த ஒரே எண் போதாது

இங்கேதான் அதிகமாகத் தவறுகிறார்கள். அழைப்பு வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் அவசரமாக பிரஷர் பார்த்து, 168 என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி டாக்டர் மருந்தைக் கூட்டினால், அடுத்த வாரம் தாத்தா குளியலறையில் தலைசுற்றி விழுவார்.

சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். முடியாவிட்டால் மூன்று நாளாவது வேண்டும். காலையில் மருந்துக்கு முன்னால் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி விட்டு எடுத்து எழுதுங்கள். முதல் நாள் எண்களைப் பெரும்பாலும் டாக்டர்கள் கணக்கில் எடுப்பதில்லை, பழகாத பதற்றத்தில் ஏறியிருக்கும்.

எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காப்பி, சுருட்டு வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் பொய்யாக ஏறும். எடுக்கும்போது பேசினாலும் ஏறும். மணிக்கட்டில் கட்டும் மிஷினைவிட மேல்கையில் கட்டுவது நம்பகமானது. வீட்டு அளவில் சராசரி 135/85-ஐத் தாண்டினால் உயர் ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் உங்கள் பாட்டிக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள், வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து அது மாறும்.

எழுந்தால் தலைசுற்றுகிறது என்பவருக்கு, ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ஒன்று, நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று எடுங்கள். மேல் எண் 20 இறங்கினாலோ கீழ் எண் 10 இறங்கினாலோ டாக்டருக்கு அது பெரிய தகவல். பின்னால் நாற்காலியும் பக்கத்தில் ஆளும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

சர்க்கரை பார்க்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்கவேண்டும். ரம்புத்தான் உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். எண்ணோடு நேரத்தையும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் எழுதுங்கள். 4 mmol/L-க்குக் கீழே இறங்கிய நாள் இருந்தால் கட்டம் கட்டிக் காட்டுங்கள், மறந்துவிடக் கூடாத எண் அது.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் மிஷினுக்கு மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத, குளிர்ந்துபோகாத விரல் வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு எடைதான் முக்கியம். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே உடையில் பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே அழைத்துச் சொல்லுங்கள்.

5. மருந்துகள்: எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில்

'எல்லா மருந்தையும் எடுத்து வையுங்கள்' என்றால் கிளினிக் பை மட்டும் வரும். அதை நம்பாதீர்கள். பிரிட்ஜ் கதவு, சாமி மேடைப் பக்கம், தலையணைக்கு அடி, முந்தானை முடிச்சு எல்லாவற்றையும் பாருங்கள். தனியார் கிளினிக்கில் வாங்கியது, சீனக் கடைத் தூள், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய முட்டிவலி மாத்திரை, தமிழ்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சூரணம், தினமும் காலையில் குடிக்கும் பாகற்காய்ச் சாறு என எல்லாமே மருந்துக் கணக்கில்தான் வரும்.

காரணம் இருக்கிறது. அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்தை அரசாங்கக் கிளினிக் ஒரு பெயரிலும் தனியார் கிளினிக் வேறு பெயரிலும் கொடுத்திருக்கும். பாட்டி இரண்டையும் போட்டுக்கொண்டு, கால் வீங்குகிறது என்பார். டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும். பதிவில்லாத வலித் தூள்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அது சர்க்கரையை ஏற்றும், திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துக்கு 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். இரண்டும் இல்லாததைத் தனியாக வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று பயந்து ஒளிக்காதீர்கள்.

பிறகு மாத்திரைகளை எண்ணுங்கள். ஒரு மாதத்துக்குக் கொடுத்ததில் இருபதாவது நாள் பத்து மிஞ்சியிருக்கவேண்டும். இருபத்திரண்டு மிஞ்சியிருந்தால் ஒழுங்காகப் போடவில்லை என்று பொருள். இது தெரியாமல் டாக்டர் அளவைக் கூட்டிவிடக் கூடாது. தாத்தாவைக் குற்றவாளியாக நிறுத்தாமல், "எது போட்டா ஒத்துக்கலை?" என்று கேளுங்கள். நீர் போக வைக்கும் மாத்திரையைப் பேருந்தில் போகும் நாளில் விட்டுவிடுவதாகப் பலர் சொல்வார்கள்.

இன்சுலின் போடுபவர் என்றால் ஊசி குத்தும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி மாதிரி தடித்திருந்தால், அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது.

6. நோவைச் சொல்லும் மொழி

டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அப்போது பேரன் மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பான். அங்கேதான் நோய் நழுவிப் போகும்.

ஒரு தாத்தா, "நெஞ்சுல காத்து அடைக்குது" என்றார். பேரன் 'அங்கின்' என்றான். மலாய்க்காரர்களும் வயிற்றுக் காற்றை அங்கின் என்றுதான் சொல்வார்கள், அதனால் வார்த்தை சறுக்காமல் போய்ச் சேர்ந்தது. டாக்டர் சாப்பாட்டைப் பற்றியும் ஏப்பத்தைப் பற்றியும் கேட்டார். நான் குறுக்கிட்டு, "எப்ப அடைக்குது தாத்தா?" என்றேன். "சைக்கிளை மேட்டுல தள்ளும்போதும்மா. நின்னா போயிரும்." டாக்டர் அதைக் கேட்டதும் அன்றைக்கே ஈசிஜி எடுக்க அனுப்பினார்.

அதனால் நோவின் பெயரை மொழிபெயர்க்காதீர்கள், நடப்பதைச் சொல்லுங்கள். எங்கே, எப்போது தொடங்கியது, என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை.

'மயக்கம்' இன்னொரு குழப்பம். பாட்டிக்கு அது தலை கிறுகிறுப்பாக இருக்கலாம், கண் இருட்டுவதாக இருக்கலாம், தூக்கக் கலக்கமாக இருக்கலாம், நினைவு தப்பி விழுந்ததாகவும் இருக்கலாம். மலாயில் 'பெனிங்' (தலை கிறுகிறுப்பு) வேறு, 'பிதாம்' (கண் இருட்டுவது) வேறு, 'பெங்சான்' (நினைவு தப்புவது) வேறு. "சுத்துதா, இருட்டுதா, விழுந்தீங்களா?" என்று கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

கேட்க வேண்டியதில் மூன்றை மட்டும் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முதல் கேள்வி முதியவருடையதாக இருக்கட்டும். நமக்கு சர்க்கரை பெரிதாகத் தெரியும். அவருக்கோ இரவில் கால் எரிவதுதான் பெரிது.

7. அழைப்பு வந்ததும்

முதலில் பெயர், ஐசி எண், அழைப்பு துண்டித்தால் திரும்ப அழைக்கவேண்டிய எண். அடுத்து இப்போது இருக்கும் முகவரியைச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரியவேண்டும். தோட்ட வீட்டுக்கு லோரோங் (சந்து) எண் மட்டும் போதாது, 'கோயிலைத் தாண்டி இரண்டாவது வரிசை' என்பதும் வேண்டும்.

பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இது கடினம், எனக்கும் கடினம். டாக்டர், "எப்படி இருக்கீங்க பாட்டி?" என்று கேட்டு முடிப்பதற்குள் மகள், "சாப்பிடவே மாட்டேங்கிறாங்க டாக்டர்" என்பார். பாட்டி அதோடு மௌனமாகிவிடுவார். முதல் இரண்டு நிமிடம் அவருடையது. அவர் எப்படிப் பேசுகிறார், மூச்சு விடாமல் எத்தனை வார்த்தை சொல்கிறார், எதை மறக்கிறார் என்பதெல்லாம் டாக்டருக்குப் பரிசோதனைதான்.

ஒரு கட்டத்தில் நீங்கள் அறையை விட்டு வெளியே போகவும் வேண்டும். சிறுநீர் கசிவதையோ, வீட்டு மனத்தாங்கலையோ மருமகள் முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். "நான் தண்ணி கொண்டு வர்றேன்" என்று எழுந்து போங்கள். கேட்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் போடவும் கூடாது.

8. உங்கள் கையால் பரிசோதனை

டாக்டர் சொல்லும்போது தேட நேரமிருக்காது. டார்ச், அளவுகோல், துண்டு பக்கத்தில் இருக்கட்டும். தளர்ந்த பாவாடையோ கைலியோ உடுத்தியிருந்தால் காலைக் காட்டுவது சுலபம்.

கால் வீக்கத்துக்குக் கணுக்காலுக்கு மேல் முன்பக்க எலும்பின்மேல் கட்டைவிரலால் ஐந்து நொடிக்குக் குறையாமல் அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்தால் போனைப் பக்கவாட்டில் வைத்துக் காட்டுங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. இரண்டு காலையும் காட்டவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கக்கூடும், அன்றே நேரில் போகவேண்டிய விஷயம்.

நம் நிறத்தில் சிவப்பு அப்படியே சிவப்பாகத் தெரியாது. தொற்று வந்த தோல் கருநீலமாகவோ இன்னும் கருமையாகவோதான் போனில் தெரியும். 'சிவந்திருக்கிறதா?' என்று டாக்டர் கேட்டால் இல்லை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். புறங்கையை இரண்டு பக்கமும் வைத்து எது சூடு, எது பளபளப்பு, எது கெட்டி என்று சொல்லுங்கள். ரத்தசோகைக்குக் கீழ் இமையை மெல்ல இறக்கி, பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவருக்குப் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் ஒவ்வொன்றாகக் காட்டவேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு முதுகின் அடிப்பகுதியும் குதிகாலும். புண்ணை நேரலையில் காட்டுவதைவிட முன்கூட்டியே போட்டோ எடுத்து அனுப்புவது தெளிவு. தள்ளி நின்று ஒன்று, அளவுகோலை ஒட்டி வைத்துக் கிட்டத்தில் ஒன்று. கட்டைப் பிரிக்கும் முன் புதுக் கட்டுக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள்.

மூச்சு எண்ணும்போது எண்ணுவதாகச் சொல்லாதீர்கள், சொன்னால் மாற்றி விடுவார். நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள்.

நடையைப் பார்க்க, நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காரும் வரை நேரம் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம். இதற்குப் போன் அலமாரிமேல் இருக்கவேண்டும், நீங்கள் முதியவருக்கு ஓரடிப் பக்கத்தில் நடக்கவேண்டும்.

9. லைன் அறுந்தால்

முதலில் வீடியோவை நிறுத்திக் குரலை மட்டும் வையுங்கள். அதுவும் போனால் சாதாரண அழைப்பு. யார் யாரை அழைப்பது என்று தொடக்கத்திலேயே பேசி வைத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழைத்து எங்கேஜாகவே இருக்கும் நிலை வராது.

10. துண்டிக்கும் முன்னும் பின்னும்

டாக்டர் சொன்ன மாற்றத்தை நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: "காலையில் வெள்ளை மாத்திரை ஒன்று போதும், இரவு மாத்திரையை நிறுத்தவேண்டும், சரியா டாக்டர்?" மாத்திரையைத் திரையில் காட்டிக்கொண்டே சொல்லுங்கள், வெள்ளை மாத்திரை வீட்டில் மூன்று இருக்கும். எது நடந்தால் உடனே அழைப்பது, அடுத்து நேரில் பார்ப்பது எப்போது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோவிலேயே காலத்தை ஓட்டினால் ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் தள்ளிப்போய்விடும்.

அரசாங்க மருத்துவமனை மருந்து என்றால், தொடர்ந்து வாங்கும் மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் எடுக்க எஸ்பியூபி என்ற ஏற்பாடு இருக்கிறது. தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு. குளிரில் வைக்கவேண்டிய இன்சுலினுக்கு என்ன வழி என்று மருந்தகத்தில் தனியாகக் கேளுங்கள்.

நிறுத்தச் சொன்ன மாத்திரையை அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றவேண்டும். டிராயரில் இருந்தால் பாட்டி, "இதுதான் எனக்குக் கேக்கும்" என்று எடுத்துப் போட்டுக்கொள்வார். குப்பையில் போடாமல் பையில் கட்டி அடுத்த முறை போகும்போது கிளினிக் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த சந்திப்புத் தேதியை மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால், பிரஷர் எழுதத் தொடங்கவேண்டிய நாளில், இன்னொரு வட்டம்.